களையா, பயிரா?

தியானப் பகுதி: மத்தேயு 13:24–30



கடந்த வாரம் வேதபாட வகுப்பு முடிந்து எல்லாரும் சென்றபின், சகோதரர் ஒருவர் தங்கியிருந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நம் சபையில் உண்மையான விசுவாசிகள் என்று எத்தனை பேரைச் சொல்வீர்கள்?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. உதட்டில் ஸ்தோத்திரமும் நடக்கையில் வேறொன்றுமாக இருப்பவர்களால் காயப்பட்டவர் அவர். நான் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில், ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்னவன் நான். அப்படிச் சொன்ன பதில் ஒன்றுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, தாமிரபரணிப் பாசனத்தை நம்பி வாழும் ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். இறையியல் கல்லூரியில் கற்றவை மனதில் பசுமையாக இருந்த காலம். யார் மெய்யான விசுவாசி, யார் பெயர்க் கிறிஸ்தவர் என்பதைச் சில மாதங்களிலேயே கண்டுகொண்டதாக நினைத்தேன்.

அந்தச் சபையில் இரண்டு பேர் என் கவனத்தில் நின்றார்கள். ஒருவர் வியாபாரி. முன்வரிசையில் அமர்வார். ஜெபிக்கத் தொடங்கினால் வேதவசனங்கள் அருவியாகக் கொட்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைக் கடை விலையைப்போல் நூறு மடங்கு கொடுத்து எடுப்பார். ஆலயக் கூரையைப் புதுப்பிக்கப் பெருந்தொகை தந்தார். அவரை நான் பிரசங்கத்திலேயே முன்மாதிரியாகக் குறிப்பிட்டதுண்டு.

மற்றவர் அறுபது வயதைக் கடந்த ஒரு விவசாயி. ஒரு ஞாயிறும் தவறமாட்டார். கதவருகே கடைசி பெஞ்சில் அமர்வார். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனையில், பாவ அறிக்கை தொடங்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ஆராதனை முடியும்வரை ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். ஏழு ஆண்டுகளாக இப்படித்தான் என்று உபதேசியார் சொன்னார். காரணத்தை அவரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தீர்ப்பு என்னிடம் ஆயத்தமாக இருந்தது.

லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு மாய்மாலத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன். பேச்சின் வேகத்தில், "ஆண்டவருடைய பந்திக்கு வராமல் மரத்து நிழலைத் தேடிப் போகிறவர்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே" என்று சொல்லிவிட்டேன். பல தலைகள் கடைசி பெஞ்சை நோக்கித் திரும்பின. அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் இருட்டிய பிறகு குருமனை வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க சொன்னது சரிதான் ஐயா. மரத்தடியில நிக்கிறவன் மாய்மாலக்காரன்தான்."

பிறகு மெதுவாகச் சொன்னார். தகப்பனார் வைத்துச் சென்ற வயலை அவரும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை வரப்பு வெட்டும்போதும் மண்வெட்டியால் சிறிது சிறிதாகத் தம்பியின் பக்கம் வரப்பை நகர்த்தியிருக்கிறார். பத்து ஆண்டுகளில் இரண்டடி. தம்பி ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினபோது, வரப்பு அப்பா காலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று வேதபுத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டார்.

"இந்தக் கைதான் ஐயா" என்று வலது கையை விரித்துக் காட்டினார். "வேதத்து மேல வச்ச கை. இதை நீட்டி எப்படி அப்பத்தை வாங்குவேன்?"

"அண்ணாச்சி, வரப்பைத் திரும்ப மாற்றிவிடலாமே" என்றேன்.

"மாத்தினா ஊருக்கு முன்னால பொய்யனாயிருவேன். அதுக்குத் தைரியம் வரலை. ஆண்டவருக்கு முன்னால பொய்யனா வந்து நிக்கவும் தைரியம் வரலை."

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்த மத்தேயு 5-ஆம் அதிகாரப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் நாக்கு தடுமாறியது. தகப்பனாரின் வீட்டை விற்ற விஷயத்தில் என் மூத்த சகோதரரோடு நான் பேசி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானபின், 1950-இல் அமைந்த திருவிருந்து ஆராதனை முறைமையில் ஒரு பழைய வழக்கம் சேர்க்கப்பட்டது. அப்பத்தையும் ரசத்தையும் எடுக்குமுன் கையோடு கை சேர்த்துச் சமாதானத்தை வழங்குவதே அது. கேரளத்துச் சீரிய மரபிலிருந்து வந்தது. பந்தியண்டை தொடங்கி, வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரைக்கும் அந்தச் சமாதானம் செல்லும். நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் அதைத் தொடங்கிவைத்த கை என்னுடையது. அந்தக் கையை ஒருமுறையாகிலும் நான் விரித்துப் பார்த்ததில்லை. அந்த விவசாயியோ வரிசை தன்னிடம் வந்து சேரும்முன் எழுந்துபோய்க்கொண்டிருந்தார். எங்கள் இருவரில் வேதவாக்கியத்துக்குப் பயந்தவர் யார்?

அந்த வாரமே பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனேன். அண்ணன் கதவைத் திறந்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். மதினி இலை போட்டார்கள். வீட்டுக் கணக்கு தீர இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின; ஆனால் பேச்சு அன்றே தொடங்கியது. திரும்பி வந்து முதலில் அந்தப் பெரியவரைப் பார்த்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அடுத்த ஞாயிறு சபையின் முன்பாக, என் பிரசங்கத்தில் நான் தவறினதை அறிக்கை செய்தேன்.

பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. ஒரு காலையில் ஊர்ப் பெரியவர்களை அவரே அழைத்துவந்து, நடந்ததைச் சொல்லி, தம்முடைய மண்வெட்டியாலேயே வரப்பை வெட்டி இரண்டடி பின்னுக்குக் கட்டினார். தம்பி கைகளைக் கட்டியபடி நின்று பார்த்தார்; ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார். "அவன் இன்னும் மன்னிக்கலையே ஐயா" என்று கலங்கினார் பெரியவர். நம்மால் ஆனமட்டும் எல்லாரோடும் சமாதானமாயிருக்கும்படியே ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கிறார்; மறுபக்கத்து மனதைத் திருப்புவது தேவனுடைய கிரியை என்றேன். அடுத்த முதல் ஞாயிற்றில் அவர் வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. முழங்காலில் நின்று நீட்டிய கையில் அப்பத்தை வைத்தேன். இருவர் கையும் நடுங்கின.

நான் மாறுதலாகிச் செல்லும்வரை தம்பி அவரோடு பேசியதை நான் காணவில்லை. ஆனால் முன்வரிசையில் அமர்ந்துவந்த அந்தத் தம்பி, கடைசி பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்.

பிரியமானவர்களே, களைகளின் உவமையை அந்தப் பெரியவரே பிற்பாடு எனக்கு விளக்கினார் என்று சொன்னால் மிகையாகாது. நாற்றுப் பருவத்தில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய நாக்குப்போல ஒரு சவ்வு உண்டு, குதிரைவாலிக்கு இல்லை. குனிந்து, இலையைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். வரப்பில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் பச்சைதான். உவமையின் வீட்டெஜமான் ஊழியக்காரரைத் தடுத்ததும் இதனால்தான்: களையைப் பிடுங்கும் அவசரத்தில் கோதுமையும் வேரோடு வந்துவிடும். நான் பிரசங்கபீடத்தில் நின்று ஒரு கோதுமைப் பயிரைப் பிடுங்கப் பார்த்தேன்.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதான் என்றா பொருள்? இல்லை. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எச்சரிக்கிறார். கள்ளப் போதகர்களைக் கனிகளால் அறியும்படி ஆண்டவரே சொன்னார். வெளியரங்கமான பாவத்தைக் கண்டிக்கும் கடமையும் சபைக்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்த தஞ்சைப் பிராமண விதவை ஒருவர் ஞானஸ்நானம் கேட்டபோது, மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்தார். அது ஒழுங்கின்படி செய்யப்பட்ட மறுப்பு. ஆனால் கதவை அவர் நிரந்தரமாக அடைத்துவிடவில்லை. அந்த அம்மையாரும் மனங்கசந்து விலகிப்போகவில்லை. அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். பாளையங்கோட்டையில் அவர் முயற்சியால் எழும்பி 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்தை மக்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்கிறார்கள். கண்டிப்பையும் காத்திருப்பையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்த சபையில்தான் இப்படிப்பட்ட அறுவடை விளையும்.

பொய்யான விசுவாசத்தின் பயங்கரம் என்னவென்றால், அது தன்னைப் பொய் என்று அறிவதில்லை. மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரால் தள்ளப்படுகிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். தங்கள் ஊழியங்களை அடுக்கிச் சொல்கிறார்கள். கடைசி இராப்போஜனப் பந்தியிலோ, உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னவுடன் சீஷர்கள் துக்கமடைந்து, அது தாம்தானோ என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள் என மாற்கு எழுதுகிறார். அந்த நேரத்தில் ஒருவரும் யூதாஸைச் சுட்டிக்காட்டவில்லை. வசனத்தைக் கேட்டவுடன் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பது ஒரு விசுவாசம். தன் கையை விரித்துப் பார்ப்பது இன்னொரு விசுவாசம். அந்த விவசாயி பாவமில்லாதவர் அல்ல, பொய்ச்சத்தியம் செய்தவர். ஆனால் தேவனுடைய வார்த்தை தமக்கு விரோதமாகப் பேசியபோது அதற்கு இடம்கொடுத்தார். அந்த இடத்தில்தான் விசுவாசம் உயிரோடிருக்கிறது.

அந்த வியாபாரியைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடும். அவரைப் பொய்யான விசுவாசி என்று நான் இப்போது தீர்க்கமாட்டேன். அதுவும் அதே பாவத்தைத் திரும்பச் செய்வதாகும். அவரிடம் நான் தேடியது விசுவாசத்தை அல்ல, கூரையை. குறை அவருடையதல்ல, என்னுடையது.

கேள்வி கேட்ட சகோதரருக்கு என் பதில் இதுவே: சகோதரரே, எண்ணிக்கை எனக்குத் தெரியாது, அறுப்பு நாள் இன்னும் வரவில்லை. வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. சமாதானம் உங்கள் வரிசைக்கு வந்து சேருமுன், யாருடைய முகம் உங்கள் நினைவில் எழும்புகிறது? அவரிடம் போக வேண்டிய பாதை இந்த வாரத்திலேயே திறந்திருக்கிறது. நானும் ஒருவரிடம் போக வேண்டியிருக்கிறது.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, பிறருடைய வயலில் களை தேடும் கண்களை எங்களைவிட்டு நீக்கும். நாங்கள் நகர்த்திய வரப்புகளை எங்களுக்குக் காண்பித்து, அவற்றைத் திரும்ப வைக்கத் தைரியம் தாரும். வெறுங்கையாய் வரும் எங்களை உமது பந்தியில் ஏற்றுக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், ஆமென்.