திரைக்கு இந்தப் பக்கம்

விமானத்தில் வகுப்பு குறைக்கப்பட்டால் பணம் திரும்ப வேண்டும் என்பது 2023 முதல் விதி. ஆனால் தில்லி விமான நிலையக் கவுன்ட்டரில் அதைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

நள்ளிரவு தாண்டினால் தில்லி அடங்கிவிடும். பாலம் பக்கம் மட்டும் அப்போதுதான் சந்தை கூடும். காமன்வெல்த் போட்டிகளை முன்னிட்டு 2010 ஜூலையில் திறக்கப்பட்ட இந்திரா காந்தி விமான நிலையத்தின் மூன்றாவது டெர்மினலில் வரிசையாக டாக்சிகள் வந்து நிற்கின்றன. ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானங்கள் பலவும் விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். உள்ளே தள்ளுவண்டிகள், அழும் குழந்தைகள், வழியனுப்ப உள்ளே வர முடியாதவர்களின் செல்போன் அழைப்புகள்.

கவுன்ட்டர்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் வரிசைகள் அப்படி இல்லை. எகானமி வரிசை பாம்பாக வளைகிறது. பிசினஸ் வகுப்பு வரிசையில் நான்கு பேர். ரயிலில் வகுப்பு மாறினால் பெட்டியே மாறிவிடும். விமானத்தில் நடுவே இருப்பது ஒரு திரைச்சீலைதான். அதற்கு முன்னால் படுக்கையாக விரியும் இருக்கை. பின்னால் முழங்கால் இடிக்கும் இருக்கை. அந்தத் திரையின் விலை சில வழித்தடங்களில் லட்சத்தைத் தாண்டும்.

அதைக் கொடுத்தவரிடம் சில சமயம் கவுன்ட்டரில் சொல்கிறார்கள்: “சார், உங்கள் சீட் எகானமிக்கு மாறியிருக்கிறது.”

பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. இருக்கை பழுதாகியிருக்கும். அல்லது கடைசி நேரத்தில் வேறு விமானம் வந்திருக்கும். அதில் பிசினஸ் இருக்கைகள் குறைவு. பனிமூட்டத்தால் விமானங்களின் சுற்று குலையும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இதற்கான வாய்ப்பு அதிகம். மூன்றாவது, இருப்பதைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்றிருப்பார்கள். எதுவானாலும் பயணியின் தவறு ஏதுமில்லை. ஆனால் விடிகாலை 2 மணிக்கு, மறுநாள் லண்டனில் வேலை இருப்பவர் என்ன செய்வார்? ஒரு வவுச்சரையும் ஒரு மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய் உட்காருவார்.

அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள், பழைய சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். இந்தப் பயணிக்கான விதி எழுதப்பட்டது அங்கேதான். 2022 டிசம்பரில் வெளியான வரைவு தாராளமாக இருந்தது: வரியோடு சேர்த்து டிக்கெட் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும், கிடைக்கும் வகுப்பில் இலவசமாகவும் அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு மாதத்தில், 2023 ஜனவரியில், இறுதி விதி வந்தபோது முழுத் தொகை முக்கால்வாசியாகவும் அதற்குக் கீழும் சுருங்கியிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 முதல் அது அமலுக்கு வந்தது.

கணக்கு எளிது. உள்நாட்டுப் பயணம் என்றால் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாடு என்றால் தூரத்தைப் பொறுத்தது: 1,500 கி.மீ. வரை 30 சதவீதம், 3,500 கி.மீ. வரை 50 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். சென்னைக்கு 30,000 ரூபாய் கொடுத்து பிசினஸ் வகுப்பு வாங்கியவருக்கு 22,500 ரூபாய் திரும்ப வேண்டும். லண்டனுக்கு 2 லட்சம் கொடுத்தவருக்கு ஒன்றரை லட்சம். துபாய்க்கு 1 லட்சம் என்றால் 50,000.

இந்த 30, 50, 75 ஐரோப்பாவில் 2004இல் எழுதப்பட்ட விதியிலும் உண்டு. ஒரு விஷயத்தில் இந்திய விதி ஒரு படி மேல். ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் அளித்த தீர்ப்பின்படி அங்கே சதவீதம் கணக்கிடப்படுவது வரி நீங்கலான விமானக் கட்டணத்தில். இங்கே வரியும் சேரும். எகானமி தவிர்த்த வகுப்புகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12இலிருந்து 18 சதவீதமாகிவிட்டதால் இது சின்ன வித்தியாசம் அல்ல.

ஓட்டையும் இருக்கிறது. தில்லியிலிருந்து காட்மாண்டு 1,500 கி.மீ.க்குள் அடங்கிவிடும். பிசினஸ் டிக்கெட் 30,000, எகானமி 10,000 என்று வைத்துக்கொண்டால் பயணி இழந்தது 20,000. விதிப்படி திரும்புவது 9,000. இந்த விஷயத்தில் ரயில்வே தேவலை. முதல் வகுப்புக்குப் பணம் கட்டியவரைக் கீழ் வகுப்பில் ஏற்றினால், டிக்கெட் பரிசோதகரின் சான்றைக் காட்டிக் கட்டண வித்தியாசத்தைக் கேட்கலாம்.

அந்தச் சான்றில்தான் விஷயமே இருக்கிறது. ரயிலில் பரிசோதகரிடம் கேட்டு எழுதி வாங்கப் பழகிய இந்தியப் பயணி, விமான நிலையத்தில் கேட்கக் கூச்சப்படுகிறார். விதியின் முக்கியமான சொல் ‘விருப்பமின்றி’ என்பது. பயணியின் விருப்பத்துக்கு மாறாக வகுப்பு குறைக்கப்பட்டால்தான் பணம். சலுகையை ஏற்று, ‘சம்மதத்துடன் மாறினேன்’ என்ற பொருளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம்.

எனவே கவுன்ட்டரை விட்டு நகரும் முன் மூன்று காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்: முதலில் வாங்கிய வகுப்பைக் காட்டும் டிக்கெட், புதிய போர்டிங் பாஸ், வகுப்பைக் குறைத்தது நிறுவனம்தான் என்று ஊழியர் எழுதித் தரும் ஒரு வரி. எழுதித்தர மறுத்தால், அங்கேயே நின்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடலாம், நேரம் பதிவாகிவிடும். விமானத்தில் ஏறுவதால் உரிமை போய்விடாது. சத்தம் போடத் தேவையில்லை. சம்மதம் சொல்லாமல் இருந்தால் போதும்.

பிறகு படிப்படியாகப் போகலாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, அடுத்து மேல்முறையீட்டு அதிகாரி. பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் தொடங்கிய ஏர்சேவா. அதுவும் பலிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தில்லியில் பறிபோன இருக்கைக்காக மதுரைக்காரர் மதுரையிலும், ஜாம்ஷெட்பூர்க்காரர் தன் ஊரிலும் வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இருக்கைகள் பழுதாகும், விமானங்கள் மாறும். அதை யாராலும் தடுக்க முடியாது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. விதி அதை நிறுவனத்தின் கணக்கில் எழுதியிருக்கிறது. பயணி பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால், அது அவர் கணக்குக்கு மாறிவிடுகிறது.