விட்டு விட்டு வரும் பழுது

முற்றிலும் செத்துப்போன இயந்திரத்தை நம்பலாம். அது எந்நேரமும் தன் பழுதைக் காட்டிக்கொண்டிருக்கும். பத்து முறையில் ஏழு முறை ஒழுங்காகக் கிளம்பி, மூன்று முறை மறுக்கும் இயந்திரமே நம்மைச் சோதிப்பது. தன்மீது புகார் சொன்னவரை அது பொய்யராக்கிவிடுகிறது.

எங்கள் நண்பர் ஒருவர் கழிமுகமொன்றில் வாட்டர் ஸ்கூட்டர்களை வாடகைக்கு விடுகிறார். அவற்றுள் ஒன்று, பொத்தானை அழுத்தினால் சில வேளை ‘டக்’கென்ற ஓசையோடு அடங்கிவிடுவதாக அங்கே வேலை பார்க்கும் இளைஞன் பல வாரங்களாகச் சொல்லி வந்தான். முதலாளி வந்து அழுத்தினாலோ உடனே கிளம்பும். பையனுக்கு வேலையில் மனமில்லை என்றே நண்பர் எண்ணத் தொடங்கியிருந்தார். நீர் வற்றி முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும் வேளையில் வண்டி நடுவில் நின்றால் ஏறியவர் கதி என்ன என்ற அவனுடைய அச்சம் எவர் காதிலும் ஏறவில்லை. புது பேட்டரி போட்டும் குறை தீரவில்லை. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள்.

ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று உறுதிசெய்ய நம் அளவை நூல்கள் இரண்டு வழிகள் சொல்கின்றன. நெருப்புள்ள அடுக்களையில் புகையுண்டு. நெருப்பில்லாத நீர்நிலையில் புகையில்லை. அந்நுவயம், வெதிரேகம் என நாம் வகுப்பில் நடத்தும் இவ்விரண்டும் உப்புநீர்க் கரையிலும் செல்லுபடியாகும்.

முதலில் குறையை வகைப்படுத்த வேண்டும். இயந்திரம் சுழன்றும் பற்றவில்லை என்றால் எரிபொருளையோ தீப்பொறியையோ தேடலாம். ஓசையே இல்லை என்றால் பாதுகாப்புக் கயிற்றின் சுவிட்ச், ஃபியூஸ், பொத்தான் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஓசை மட்டும் வந்து சுழலவில்லை என்றால் பேட்டரி, ரிலே, கேபிள், மோட்டார் ஆகியவற்றுள் ஒன்று.

இருக்கையைத் திறந்து பெட்ரோல் ஆவி வெளியேறக் காத்திருந்தோம். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை இயந்திரத்தின் உலோக உடலிலும் வைத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னோம். நல்ல இணைப்பாயின் அங்கே அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்ட வேண்டும். வண்டி கிளம்பியது, மீட்டர் 0.9 காட்டியது. பழுது ஒளிந்திருந்த நேரத்திலும் அதன் தடம் ஒளியவில்லை. பலமுறை முயன்றபின் ‘டக்’கென்று நின்றபோது அளவு பல வோல்ட்டுக்குத் தாவியது, பேட்டரியின் அழுத்தமோ பெரிதாக இறங்கவில்லை. பேட்டரியும் மோட்டாரும் குற்றமற்றவை. மின்சாரம் திரும்பும் வழிதான் அடைபட்டிருந்தது.

பேட்டரியின் எதிர்முனைக் கேபிளை முதலில் கழற்றினோம். அது இயந்திர உடலோடு சேரும் போல்ட்டின் அடியில் பச்சை பூத்திருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசியதும் அளவு 0.2 ஆயிற்று. அதன்பின் எத்தனை முறை அழுத்தியும் மறுக்கவில்லை.

உப்புக்காற்று மீண்டும் தன் வேலையைச் செய்யும். ஆதலால் மாதமொருமுறை அந்த அளவை எடுத்து ஒரு நோட்டில் குறிக்கும் பொறுப்பை நண்பர் அந்த இளைஞனிடமே ஒப்படைத்திருக்கிறார். முன்பு அவன் சொல்லை நம்பாதவர், இன்று அவன் எழுதும் எண்ணைப் பார்த்த பிறகே வண்டியை நீரில் இறக்குகிறார்.