மலையில் ஒரு வெள்ளைப்புள்ளி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பசிபிக் கடலோரம் கிட்டிமாட் என்று ஒரு சின்ன ஊர். எரிவாயு ஆலை வேலைக்காக மலேசியாவிலிருந்து என்னைப் போலச் சிலர் அங்கே போயிருக்கிறோம். மழை நம்மூர் மாதிரிதான், நிற்காது. குளிர்தான் வேறு. கூட வேலை செய்யும் பஞ்சாபிக்காரர் ஒருவரை நான் பாஜி என்று கூப்பிடுவேன். அவர் அப்பா மரஆலை வேலைக்காகப் பக்கத்து ஊரான டெர்ரஸுக்கு வந்தவர். பாஜி பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். நாற்பது வயதில் அவருக்கு வேட்டை ஆசை வந்தது. அதுவும் மான் இல்லை, மூஸ் இல்லை. மலையாடு.

அவர் முறைப்படி பயிற்சி வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, உரிமம் வாங்கினார். எனக்கு அந்த வழி இல்லை. மாகாணவாசி என்ற தகுதியை இன்னும் பெறாத வெளிநாட்டுக்காரன் உள்ளூர்க்காரனைப் போல உரிமம் வாங்கிவிட முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டியைப் பெரிய காசு கொடுத்து அமர்த்த வேண்டும். "நீ துப்பாக்கியத் தொட வேணாம் தம்பி. பை தூக்கு, கூட உட்கார்ந்து பாரு, போதும்" என்றார். அம்மாவிடம் சொன்னபோது, "ஆட்டுக்கறி வேணும்னா பசார்ல வாங்க வேண்டியதுதானே, அதுக்கு எதுக்குய்யா மலை ஏறணும்?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் அப்போது பதில் இல்லை.

மலையாடு உண்மையில் ஆட்டு இனமே கிடையாது. நம் நாட்டுச் சுண்ணாம்புக் குன்றுகளில் வாழும் 'காம்பிங் குருன்' இருக்கிறதே, 2010 வனவிலங்குச் சட்டத்தால் முழுப் பாதுகாப்பு பெற்றது, அதற்குத்தான் இது தூரத்துச் சொந்தம். குளம்பின் ஓரம் கெட்டியாகவும் நடுவில் மெத்தென்றும் இருப்பதால் நாம் கை வைக்கவே பயப்படும் பாறையில் இது சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும். உலகத்தில் இருக்கும் மலையாடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாகாணத்தில்தான். அப்படியிருந்தும் கணக்கு ரொம்ப இறுக்கமானது. பெட்டை முதல் குட்டி போடவே நான்கைந்து வயதாகிவிடும். போடுவதும் பெரும்பாலும் ஒரே குட்டி. பனிச்சரிவிலும் கடுங்குளிரிலும் அதில் பல தங்காது. ஒரு மலைச்சரிவின் கூட்டத்தில் வயதுக்கு வந்த இரண்டு மூன்று பெட்டைகளைச் சுட்டுவிட்டால் அந்தக் கூட்டம் பழைய நிலைக்கு வரப் பல வருடங்கள் ஆகும்.

அதனால் இந்த வேட்டையில் கால்வாசிதான் துப்பாக்கி. மீதி, கிடாவா பெட்டையா என்று கண்டுபிடிப்பது. இரண்டுக்கும் வெள்ளை முடி, இரண்டுக்கும் தாடி, இரண்டுக்கும் கறுத்த கூர்க்கொம்பு. கிடாவின் கொம்பு அடியில் தடித்திருக்கும், ஏறக்குறைய கண்ணை விட அகலமாக. இரு கொம்புக்கும் நடுவே இடைவெளி குறைவு, வளைவு சீராகப் போகும். பெட்டையின் கொம்பு மெலிந்து, அகன்ற இடைவெளியோடு நேராக ஏறி, நுனிக்குப் பக்கத்தில்தான் பின்னால் மடங்கும். இது படத்தில் சுலபம். முக்கால் கிலோமீட்டர் தூரத்தில், மேகம் வந்து வந்து மறைக்கும்போது, கொம்பு ஒரு தீக்குச்சி அளவுகூடத் தெரியாது. அப்போது நம்பகமான அடையாளம் ஒன்றுதான் மிஞ்சும்: மூத்திரம் பெய்யும் விதம். பெட்டை குந்தும், கிடா உடம்பை முன்னால் நீட்டி நிற்கும். பொறியியல் படித்தவன், குளிரில் உட்கார்ந்து, ஒரு மிருகம் எப்போது ஒன்றுக்குப் போகும் என்று தொலைநோக்கியில் காத்திருக்கிறேன். பட்டம் கொடுத்த உள்ளூர்ப் பல்கலைக்கழகம் மன்னிக்கட்டும்.

முதல் தடவை ஐந்து மணி நேரம் ஏறினோம். ஒற்றை ஆடு. தனியாக இருந்தால் கிடாவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதியில்லை. இரண்டு மணி நேரம் மாறிமாறிப் பார்த்தோம். அது படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது, பிறகு பாறைக்குப் பின்னால் போய்விட்டது. அது என்னவென்று இன்றுவரை தெரியாது. பாஜி துப்பாக்கியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

டெர்ரஸிலிருந்து ஸ்கீனா ஆற்றோடு மேலே போனால் ஹேசல்டன் பகுதி. அங்குள்ள கிட்க்சான் மக்களும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் சிம்ஷியான் மக்களும் சொல்லும் பழங்கதை ஒன்று உண்டு. டெம்லஹாம் என்ற ஊரின் வேட்டைக்காரர்கள் தேவைக்கு மேல் மலையாடுகளைக் கொன்று, இறைச்சியை வீணாக்கினார்கள். பிடித்து வந்த குட்டி ஒன்றை ஊர்ப்பிள்ளைகள் வதைத்தார்கள். ஒரு இளைஞன் மட்டும் அதைக் காப்பாற்றி மலைக்கு அனுப்பினான். பிறகு ஆடுகள் மனித உருவில் வந்து ஊரையே மலை மேல் விருந்துக்கு அழைத்தன. விருந்தின் உச்சத்தில் ஒற்றைக்கொம்பு ஆடு ஆட, மலை சரிந்தது. தப்பியது அந்த இளைஞன் மட்டும். இதை வேட்டைக்கு எதிரான கதை என்று நினைப்பவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்பேன். சொன்னவர்களே வேட்டைக்காரர்கள். கொன்றதைத் தின்னாமல் விடுவதைத்தான் கதை தண்டிக்கிறது. இன்றைய மாகாணச் சட்டமும் அதையே வறண்ட மொழியில் சொல்கிறது: தின்னக்கூடிய இறைச்சியை மலையிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது.

செப்டம்பர் கடைசியில் கிடா கிடைத்தது. இந்த முறை சந்தேகமில்லை. கொம்பையும் பார்த்தோம், மற்றதையும் பார்த்தோம். ஆனால் அது நின்றது செங்குத்து விளிம்பில். அங்கே சுட்டால் உருண்டு பள்ளத்தில் விழும், எடுக்கவே முடியாது. அது நகர்ந்து புல் சரிவுக்கு வரும்வரை பாஜி ஒன்றரை மணி நேரம் ஈரத்தில் படுத்துக் கிடந்தார். ஒரே குண்டு. சத்தம் எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்தபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பக்கத்தில் போய் முடிக்குள் கை விட்டேன். இன்னும் சூடு இருந்தது. பாஜி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கத்தியை எடுத்து, "வெளிச்சம் போயிரும்" என்றார்.

இருட்டும் வரை வெட்டினோம். ஆளுக்கு இரண்டு நடை. முழங்கால் மூன்று நாள் வலித்தது. தாத்தா தோட்டத்தில் இருந்த காலத்தில் காட்டுப்பன்றி விழுந்தால் லயத்து வாசலில் கூறு போடுவார்களாம், வேட்டைக்கு வராத வீட்டுக்கும் ஒரு கூறு. நாங்களும் ஏழு வீட்டுக்குக் கூறு போட்டோம். கொம்பைக் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது வளையங்களை எண்ணி ஏழு வயது என்றார்கள்.

என் கூறை அம்மா அனுப்பிய மசாலாவில் பெரட்டலுக்குப் போட்டேன். கைப்பேசியில் சட்டியைக் காட்டினேன்.

"கிடாவா, பெட்டையா?"

"கிடாம்மா. ஏழு வயசு."

"ஏழா? அப்ப குக்கருக்கு மாத்து. இன்னும் ஆறு விசில் விடு."