ஒன்பது பாயின்ட் எழுத்து

தாம்பரத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள டிடிபி கடைகளிலும் சேலையூர், செம்பாக்கம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் குறை இது: "எல்லாம் ஓடுது, எழுத்துதான் தெரிய மாட்டேங்குது." பத்திரம், வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்று மனு என்று நாள் முழுக்கத் தமிழில் பெயர் வைத்துக் கோப்புகளைச் சேமிக்கிற கடைகள் அவை. ஐகானுக்குக் கீழே உள்ள பெயரைப் படிக்கக் குனிய வேண்டியிருந்தால், கோப்பைத் திறக்கும் முன்பே வேலை பாதி நின்றுவிடுகிறது. இதற்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்துகளில் ஒன்று, சிஸ்டம் ஃபான்ட் சைஸ் சேஞ்சர் என்னும் சின்னக் கருவி. டெஸ்க்டாப்பின் தோற்றத்தை மாற்றும் கருவி என்றாலே பளபளப்பான தீமும் ஆடும் கடிகாரமும்தான் நினைவுக்கு வரும். இது அந்த வகை அல்ல. தோற்றக் கருவியின் தரத்தை இரண்டே கேள்விகளால் அளந்துவிடலாம் என்பது என் கட்சி: கேட்டதை மட்டும் தொடுகிறதா? பழையபடி திரும்ப வழி வைத்திருக்கிறதா?

எழுத்தளவு நமக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸின் வழக்கமான எழுத்து ஸீகோ யூஐ, அளவு 9 பாயின்ட். சாதாரணத் திரையில் அது 12 பிக்சல். ஆங்கில எழுத்துக்கு அந்த இடம் போதும். தமிழ் அதே 12 பிக்சலுக்குள் மேலே புள்ளியையும் விசிறியையும், கீழே உகரத்தின் வளைவையும், நடுவில் எழுத்தையும் அடைக்க வேண்டும். 'கொடி'யையும் 'கோடி'யையும் பிரிப்பது கொம்பின் ஒரு சுழி. 'கல்' என்பதையும் 'கல' என்பதையும் பிரிப்பது ஒரு புள்ளி. அந்த அளவில் அவை ஒன்றிரண்டு பிக்சல்தான். விண்டோஸ் 2000-இல் லதா, 7-இல் விஜயா, 8-இல் நிர்மலா யூஐ என்று தமிழ் எழுத்துருக்கள் வந்தபடி இருந்தும், டெஸ்க்டாப்பின் அளவு ஆங்கிலக் கண்ணுக்கு வைத்த அளவாகவே நின்றுவிட்டது.

விண்டோஸிலேயே இதற்கு முன்பு வழி இருந்தது. தலைப்புப் பட்டை, மெனு, ஐகான், செய்திப் பெட்டி, டூல்டிப் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத்தளவு வைத்துக்கொள்ளலாம். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் எடுத்தது கதவைத்தான். அறை உள்ளே அப்படியே இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், பயனருக்குரிய பகுதியில் 'விண்டோ மெட்ரிக்ஸ்' என்னும் இடத்தில் அந்த அளவுகள் இன்றும் எழுதப்பட்டிருக்கின்றன. சின்னக் கருவி அந்த எண்களை மாற்றி எழுதுகிறது. ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் மாற்றம் தெரியும். முதன்முறை திறக்கும்போதே, இப்போதுள்ள அமைப்பை ஒரு கோப்பாகச் சேமிக்கச் சொல்லிவிடுகிறது. வேலை தெரிந்தவர் எழுதிய கருவி என்பதற்கு எனக்கு அந்த ஒரு கேள்வியே சான்று.

"ஸ்கேலிங்கை 125 சதவீதம் வைத்தால் போதாதா?" என்று கேட்பார்கள். கடைகளில் இன்னும் புழங்கும் 1366×768 திரையில் அப்படி வைத்தால், மிஞ்சும் இடம் சுமார் 1093×614 அளவுக்குச் சமம். எழுத்தோடு பட்டன், பட்டை, ஓரம் எல்லாமே வீங்கி, நீளமான சில பெட்டிகளின் 'ஓகே' பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். 2018 இறுதியில் விண்டோஸ் தந்த எழுத்துப் பெருக்கி நல்லதுதான். ஆனால் அது எல்லா எழுத்தையும் சேர்த்தே பெரிதாக்கும், ஐகான் பெயருக்கு மட்டும் என்று தனியே பிரிக்காது. தனியே பெரிதாக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐகான் பெயர் இரண்டு வரிக்கு மேல் போனால் வெட்டுப்படும். 'வாடகை ஒப்பந்தம் செம்பாக்கம்', 'வாடகை ஒப்பந்தம் சேலையூர்' இரண்டும் திரையில் ஒரே பெயராகிவிடும். அதனால் எழுத்தை 11 பாயின்ட் ஆக்கினால் ஐகான் இடைவெளியையும் அகட்ட வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் அது -1125 என்று விசித்திரமாக இருக்கும்; கழித்தல் குறியை விட்டு 15-ஆல் வகுத்தால் 75 பிக்சல். -1500 என்றால் 100. கருவி செய்வது பாதி வேலை; மீதிப் பாதி, எதை அகட்டினால் எது இடிக்கும் என்று தெரிந்திருப்பது.

அடுத்த மறுப்பு கனமானது: இலவசமாக வருவதை எப்படி நம்புவது? நம்பக் கூடாது, சோதிக்க வேண்டும். எழுத்தளவு பயனருக்குரிய அமைப்பு என்பதால் அதை மாற்ற நிர்வாகி அனுமதி தேவையே இல்லை. எழுத்தை மட்டும் பெரிதாக்குகிறேன் என்று சொல்லும் கருவி அந்த அனுமதியைக் கேட்டால், ஏன் என்று தெரியும்வரை கை வைக்காமலிருப்பது நல்லது. எக்ஸ்பி காலத்தில் வெளித் தீம்களைப் போட யூஎக்ஸ்தீம் என்னும் சிஸ்டம் கோப்பையே திருத்தினார்கள். சர்வீஸ் பேக் வந்து அந்தக் கோப்பை மாற்றி எழுதியதும் தீம் போனது. அங்கே தவறு அழகு தேடியதில் இல்லை. ஒரு சட்டை நிறத்துக்காகச் சுவரை இடித்ததில்தான்.

மைக்ரோசாஃப்ட் நாளை அந்த உள்ளறையையும் பூட்டிவிட்டால் என்ன செய்வது? நியாயமான பயம்தான். இப்போதே புதிய வகைச் செயலிகளும் செட்டிங்ஸ் பக்கமும் இந்த அளவுகளை மதிப்பதில்லை. அதனால் இது நிரந்தரத் தீர்வு என்று யாரும் விற்க வேண்டாம். நிரந்தரத்துக்கு நெருக்கமான வழி இதே தெற்குச் சென்னையிலிருந்து புறப்பட்டிருக்கிறது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் க்னோம் டெஸ்க்டாப்போடு வந்தது. க்னோமில் எழுத்துப் பெருக்கம் தனி எண். ஐகான்கள் தம் அளவில் இருக்க, 1.0-ஐ 1.25 ஆக்கினால் போதும், மீட்க ஒரே கட்டளை. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்களிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் இருந்தது. ஆனாலும் டிடிபி கடையின் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸைத்தான் கேட்கின்றன. அந்த நிலை மாறும்வரை சின்னக் கருவிக்கு வேலை உண்டு. அதை நிறுவித் தருபவர் கடைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியது இரண்டு: கண்ணுக்குத் தெரிகிற 11 பாயின்ட் எழுத்து; அதற்குப் பக்கத்திலேயே, 'பழைய அமைப்பு' என்று தமிழில் பெயரிட்டு வைத்த அந்தக் கோப்பு.