ஒரு செம்புத் தண்ணீர்

யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னப் பொய்யைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதன் வயது இருபத்துநாலு.

எங்கள் ஊர் முக்கொம்பு. திருச்சிக்கு மேற்கே, காவிரி இரண்டாகப் பிரியும் இடம். வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் கிடக்கிற தீவில் ஸ்ரீரங்கம். 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்து மேலணையில் விளையாடி வளர்ந்தவன் நான். ஆத்துல இறங்கினால் மீன்தான். மலைக்கோட்டைப் படிகளை ஓடியே ஏறுவேன். அந்தத் திமிரில்தான் 1996 ஜனவரியில், நாகர்கோவில் நண்பன் கூப்பிட்டதும் அகத்தியர்கூடத்துக்குக் கிளம்பினேன். வயசு இருபத்திரண்டு.

கிளம்பும்போது அம்மா திருகுமூடி போட்ட ஒரு பித்தளைச் செம்பைக் கொடுத்தாள். உள்ளே முக்கொம்புத் தண்ணீர். “காவேரி அவர் கமண்டலத்துலேருந்து வந்தவதானே தம்பி. காக்கா தட்டிவிட்டு ஓடி வந்தவ. கொஞ்சம் அவர் காலடியில ஊத்திட்டு வா” என்றாள்.

பொதிகை மலையின் உச்சி அது. உயரம் 1,868 மீட்டர். தாமிரபரணி பிறக்கும் மலை. திருவனந்தபுரம், விதுரா வழியாகப் போனக்காடு போய், அங்கிருந்து மூன்று நாள் நடை. முதல் நாள் அதிருமலை முகாம் வரை சுமார் 15 கிலோமீட்டர். காடு, ஓடைகள், பிறகு நிழலே இல்லாத புல்மேடு. கடைசியாக ஓர் ஏற்றம். அதன் பெயர் முட்டிடிச்சான். ஏறும்போது முட்டி நெஞ்சில் இடிக்குமாம். இடித்தது.

அன்று ராத்திரி கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தால், கால் இரண்டும் என்னுடையது மாதிரியே இல்லை. நண்பன் குறட்டை விட்டான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் பொங்காலைப்பாறை வரை எப்படியோ வந்துவிட்டேன். அதற்கு மேலே ஈரப் பாறை. கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி இருப்பவன் தெரியவில்லை. பாதிக் கயிற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

வழிகாட்டியாக வந்த காணிக்காரப் பெரியவர் என்னை மெல்ல இறக்கி ஒரு பாறையில் உட்கார வைத்தார். “மலை எங்கயும் போவாது மக்களே” என்று மட்டும் சொன்னார். நண்பன் மற்றவர்களோடு மேலே போனான்.

காணிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1987-ல் இதே மலைக்காட்டில் ஆய்வுக்காக நடந்த புஷ்பாங்கதன் குழுவினர் களைத்து உட்கார்ந்தபோது, கூட வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு தெம்பாக நடந்தார்களாம். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். களைப்பு ஓடிப்போனது. ஆரோக்கியப்பச்சை என்று இன்று நாம் சொல்லும் செடி அது. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு கிடைத்தது. பழங்குடி அறிவுக்கு உலகம் மரியாதை செய்ததற்கு உதாரணமாக இதைச் சொல்கிறார்கள்.

எனக்கு அன்று அதெல்லாம் தெரியாது. என் பாட்டில் காலி. பையில் இருந்தது அம்மாவின் செம்பு மட்டும்தான். தொண்டை ஒட்டிக்கொண்டது. திறந்தேன். ஒரு மடக்கு என்றுதான் நினைத்தேன். முழுசையும் குடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது, “ஊத்துனியா?”

“ஊத்திட்டேம்மா.”

அவ்வளவுதான். அம்மா தெருவெல்லாம் சொன்னாள். கல்யாண வீட்டில் சொன்னாள். ஆடிப்பெருக்குக்குப் படையல் போடும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் சொன்னாள். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, கொள்ளிடத்தில் மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. மறுநாள் ஊரே திரண்டு நின்று பார்த்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “பயப்படாத. எம்புள்ள அகத்தியர் கால்லயே காவேரிய ஊத்திட்டு வந்தவன். ஊருக்கு ஒண்ணும் ஆகாது.” தண்ணீர் போட்ட இரைச்சலிலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்த மலைக்குப் பெண்களை அனுமதிக்காமல்தான் இருந்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. காணிகளில் பலருக்கு அதில் வருத்தம், போராடவும் செய்தார்கள். 2019 ஜனவரியில் தன்யா சணல் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரி ஏறிவிட்டு வந்தார். பேப்பரில் அதைப் பார்த்த நாளிலிருந்து என் அண்ணன் மகளுக்கு ஒரே பிடிவாதம். 2020 ஜனவரியில் அனுமதிச்சீட்டும் வாங்கிவிட்டாள்.

“சித்தப்பா, உச்சியில சிலை எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்? நீங்க எங்க தண்ணி ஊத்துனீங்க?”

அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். “அப்ப இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் நான் பொய் சொல்லியிருக்கேனா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போதுதான் கேட்டாள்: “அந்தத் தண்ணி இல்லேன்னா எறங்கி வந்திருப்பியா?”

“தெரியலம்மா.”

“நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ல?” என்றபடி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவள் கோபம் தண்ணீரைக் குடித்ததற்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இது புரிய இருபத்துநாலு வருஷம்!

பேத்தி கிளம்பும் நாளில் அம்மா அதே செம்பைத் தேய்த்து, தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்தாள்.

“அப்பாயி, இப்ப அங்க பூஜையெல்லாம் பண்ண விடமாட்டாங்க” என்றாள் அவள்.

“பூஜை யாரு பண்ணச் சொன்னா? ஏறினா அவர் பக்கத்துல உட்கார்ந்து குடி. முடியலேன்னா உன் சித்தப்பன் மாதிரி பாதியில உட்கார்ந்து குடி. ஆனா வந்து உள்ளதைச் சொல்லு.”