கைப்பிடித் துணியும் தனி டம்ளரும்

புகுந்த வீட்டில் ஒரு பெண் முதலில் படித்துக்கொள்வது எந்தத் துணி எதற்கு என்பதைத்தான். அடுப்பு மேடை துடைக்க ஒன்று, சூடான பாத்திரம் இறக்க ஒன்று, சாப்பிட்ட இடம் துடைக்க ஒன்று, தரைக்கு ஒன்று. எல்லாம் பழைய வேட்டியிலும் சேலையிலும் கிழித்தவை, பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். மாற்றி எடுத்தால் அந்த வீட்டு மூத்த பெண்ணின் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பை வைத்தே, இங்கே எது சுத்தம், எது அசுத்தம் என்று புதியவள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் பிறந்த வீட்டிலும் இப்படி ஓர் ஒழுங்கு இருந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம்.

எங்கள் திருநெல்வேலி வீட்டில் பத்தும் எச்சிலும்தான் சட்டம். சோற்றுப் பானையைத் தொட்ட கையைக் கழுவாமல் தயிர்ச் சட்டியையோ ஊறுகாய் ஜாடியையோ தொடக்கூடாது, அதுதான் பத்து. செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். பரிமாறும்போது கரண்டி இலையில் பட்டுவிடக் கூடாது. கடலை மிட்டாயைப் பங்கு போட வேண்டுமென்றால் சட்டை நுனியை அதன்மேல் போர்த்திக் கடிக்க வேண்டும். அந்தக் காக்காய்க் கடியில் எச்சில் இல்லை என்பது எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட நியாயம்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி தூத்துக்குடியிலிருந்து வந்தார். குழம்புக்கு உப்புப் பார்க்கக் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார், அதே கையால் மூடியை எடுத்து மூடினார். ஆச்சி பார்த்துவிட்டாள்.

“ஏளா, நாக்குல பட்ட கையக் கழுவாம மூடியத் தொடுதியே!”

“கையிலதான விட்டுப் பாத்தேன் ஆச்சி. கரண்டி வாயில படலையே.”

இருவர் பேச்சிலும் தவறில்லை. மதினி வீட்டில் கரண்டியை வாயில் வைப்பதுதான் எச்சில். எங்கள் வீட்டில் நாக்குப் பட்ட கையும் எச்சில். அன்றைக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. ஆனாலும் ஆச்சி அந்தக் குழம்பை ஊற்றிக்கொள்ளவில்லை, மோரோடு முடித்துக்கொண்டாள்.

மதினிக்கு எங்கள் வீட்டில் குமட்டியது வேறு. அவருடைய அம்மா அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். அவர்கள் வீட்டில் ஒரே டம்ளரை மூன்று பேர் வாய் வைத்துக் குடிப்பார்கள், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கக்கூஸிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அடுக்களைக்குள் கால் வைக்க முடியாது. எங்கள் வீட்டில் சோப்பு குளிக்கிற இடத்தில் மட்டுமே இருந்தது. கொல்லைக்குப் போய்வந்தவர்கள் வாளித் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு நேராகச் சோற்றில் கை வைப்போம். எச்சிலுக்கு அத்தனை காவல் போட்ட வீட்டில் இதற்குக் காவல் இல்லை. மதினி யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு சோப்புத் துண்டைத் தகர மூடியில் வைத்துப் பின்வாசல் துவைகல் மேல் வைத்தார். காக்காய் தூக்கிக்கொண்டு போனால் மறுபடியும் வைத்தார். எங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்துக்கு யாரும் செய்த பெரிய உதவி அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

காரணம் உண்டு. பத்துப் பார்ப்பதில் பயன் இருக்கிறது. சோற்றின் ஈரமும் கஞ்சியும் பட்ட கை ஊறுகாயைப் பூசணம் பிடிக்க வைக்கும். எச்சில் பார்ப்பதும் சளி, இருமல் பரவும் காலத்தில் நல்ல வழக்கமே. ஆனால் நம் ஊர்க் குழந்தைகளை அதிகம் வாட்டிய வயிற்றுப்போக்கு மலத்திலிருந்து விரல் வழியாக வாய்க்குப் போவது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு 42 முதல் 47 சதவீதம் வரை குறையும் என்று வலேரி கர்ட்டிஸும் சாண்டி கெர்ன்கிராஸும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2003-ல் எழுதினார்கள். கர்ட்டிஸ் லண்டன் சுகாதாரக் கல்லூரியில் அருவருப்பையே தன் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர். நோய் தரும் பொருள்களிலிருந்து நம் முன்னோரை விலக்கிக் காப்பாற்றிய உணர்வு அது என்பது அவர் கொள்கை. மலம், சீழ், அழுகிய இறைச்சி, புழு இவற்றைக் கண்டால் உலகம் முழுவதும் மனிதர்கள் மூக்கைச் சுளிப்பதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான்.

அவருடைய அனுபவத்தில் இன்னொன்றும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு அருவருப்பைத் தருவதில்லை. கானா நாட்டில் கழிப்பறைக்குப் போய்வந்த தாய்மார்கள் தங்கள் கை அழுக்கு என்று நினைக்கவில்லை, கிருமியைப் பற்றிச் சொல்லியும் பெரிதாக மாற்றம் வரவில்லை. கழிப்பறையிலிருந்து வரும் பெண்ணின் கையில் ஊதாக் கறை ஒட்டியிருப்பதாகவும், அது குழந்தைக்கு ஊட்டும் உணவில் படிவதாகவும் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டினார்கள். பார்த்தவர்களுக்குக் குமட்டியது. கை கழுவுவதும் கூடியது. அறிவு செய்யாத வேலையை அருவருப்பு செய்தது.

அந்த உணர்வை இப்படி நல்லதற்குத் திருப்ப முடியுமென்றால் கெட்டதற்கும் திருப்பலாம். சார்லஸ் டார்வின் உணர்ச்சிகளைப் பற்றி 1872-ல் எழுதிய நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தென் அமெரிக்காவின் தென்முனையில் அவர் பதப்படுத்திய இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மண்ணின் மனிதர் ஒருவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, அது கொழகொழவென்று இருந்ததால் முகம் சுளித்தார். அவர் தொட்டதால் டார்வினுக்கும் அருவருப்பு வந்தது. அந்தக் கை அழுக்காகத் தெரியவில்லை என்பதையும் டார்வினே பதிவு செய்திருக்கிறார். அவருடைய நேர்மைக்காக அந்தப் பத்தியை நான் மதிக்கிறேன். சுத்தமான கைதான் என்று கண் சொல்லியும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டவர் யார் என்பது போதுமானதாக இருந்தது.

அமெரிக்க உளவியலாளர் பால் ரோஸினும் அவருடைய சகாக்களும் 1980-களில் இதைச் சோதித்தார்கள். கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் முக்கி எடுத்தால், பாதுகாப்பானது என்று தெரிந்தும் யாரும் குடிக்க விரும்பவில்லை. நாயின் மலம் போல வடிவமைத்த சாக்லேட் இனிப்பைத் தின்னவும் தயங்கினார்கள். ஒருமுறை பட்டது பட்டதுதான் என்றே மனசு கணக்குப் போடுகிறது. தீட்டு என்ற எண்ணமும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது.

லண்டனில் படிக்கப் போன சிநேகிதி ஒருத்தி, வீட்டுக்காரம்மா பிளாஸ்டிக் தொட்டியில் சோப்பு நுரைக்குள் தட்டுகளை முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசாமல் துணியால் துடைத்து அடுக்குவதைப் பார்த்துப் பல நாள் அந்தத் தட்டில் சாப்பிடாமல் இருந்தாள். அந்த அம்மாவுக்கோ, இவள் கழிப்பறைத் தரையை ஈரமாக்குவதும் காகிதம் இல்லாமல் கையால் கழுவுவதும் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள், நல்ல சிநேகமாகவும் இருந்தார்கள். இந்த மாதிரி வித்தியாசங்களால் யாருக்கும் பெரிய தீங்கு இல்லை. சொல்லிப் புரியவைக்கலாம், விலகியும் இருக்கலாம். இரண்டு பேரும் சமமாக நிற்கிற வரைக்கும் அருவருப்பு வெறும் வழக்கத்தின் விஷயம்தான்.

சமமில்லாத இடத்தில் அது என்ன செய்யும் என்பதற்கு பிந்தேஷ்வர் பாடக் தன் சிறுவயதைப் பற்றிப் பலமுறை சொன்ன சம்பவம் போதும். பீகாரின் வைசாலிப் பக்கம் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்கு வந்த தீண்டத்தகாதவர் எனப்பட்ட ஒரு பெண்ணைச் சிறுவனாகத் தொட்டுவிட்டார். அவரைச் சுத்தப்படுத்துவதற்காகப் பாட்டி பசுஞ்சாணத்தையும் கோமியத்தையும் மணலையும் கங்கைத் தண்ணீரோடு விழுங்க வைத்தாள். சாணம் தெளித்த வாசல் எனக்கும் பிடிக்கும், விடியற்காலையில் அந்த வாசனை இல்லாமல் மார்கழி இல்லை. ஆனால் ஒரு விலங்கின் கழிவைக் குழந்தையின் வாய்க்குள் ஊற்றலாம், ஒரு மனுஷியின் விரலைத் தொடக்கூடாது என்று ஒரு பாட்டி மனமார நம்பினாள் என்றால், அருவருப்பைப் பழக்கியெடுத்து எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதை அதில் பார்க்கலாம்.

அந்தச் சிறுவன் வளர்ந்து 1970-ல் சுலப் அமைப்பைத் தொடங்கி, இரட்டைக் குழிக் கழிப்பறையை நாடு முழுவதும் கொண்டுபோனார். ஏற்பாடு எளிமையானது. ஒரு பீங்கான் தொட்டி, இரண்டு குழிகள். ஒன்று நிரம்பியதும் வழியை அடைத்து மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டில் ஒரு குழி நிரம்பச் சில ஆண்டுகள் ஆகும். மூடிய குழியில் ஓரிரு ஆண்டுகளில் மலம் முழுவதும் மக்கி, நாற்றமில்லாத உலர்ந்த மண்ணாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வாழைக்குப் போடலாம். யாரும் யாருடைய மலத்தையும் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் மக்கள் தயங்கினார்கள். வட இந்தியக் கிராமங்களில் வேலை செய்த டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017-ல் எழுதிய நூலில் காரணத்தைச் சொன்னார்கள். குழியைக் காலி செய்வது ‘அவர்கள்’ வேலை என்று மனசில் பதிந்திருந்தது. ஆகவே கிராமத்தார் எப்போதும் நிரம்பாத அளவுக்குப் பெரிய குழி வேண்டும் என்றார்கள், அதற்குக் காசில்லை என்றால் வயலுக்கே போனார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் மத்தியக் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் மூடியிருந்த கழிப்பறைக் குழிக்குள் இறங்கி, மக்கிய எருவைத் தன் கையால் அள்ளிக் காட்டினார். அது விளம்பரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. விளம்பரமாகவே இருக்கட்டும், அந்தக் குழிக்குள் ஒரு அதிகாரி இறங்கிய படம் இந்த நாட்டுக்குத் தேவைப்பட்டது. நம் முசிறியிலும் ஸ்கோப் அமைப்பினர் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறைகளைக் கட்டி, சாம்பல் தூவி மக்க வைத்து, எருவாக்கிக் காட்டினார்கள்.

மண்ணாகிவிட்ட மலத்தைத் தொடுவதற்குத்தான் நமக்கு இத்தனை குமட்டல். மண்ணாகாத மலத்தில் இன்னொருவர் கழுத்தளவு இறங்குவது நமக்குக் குமட்டவில்லை. நம் நகரங்களில் பல வீடுகளில் இருப்பது செப்டிக் டேங்க். அது நிரம்பும்போது போன் செய்கிறோம், யாரோ வருகிறார்கள், நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். உள்ளே தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும். முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சாகிறார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லிருந்து இருக்கிறது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. 1993-க்குப் பிறகு இப்படிச் செத்தவர்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. கோயில் கோபுரத்துக்கும் பாசனத்துக்கும் பெருமைப்படுகிற நாம் இந்த வரிசைக்கும் வெட்கப்பட வேண்டும். அருவருப்பு என்ற உணர்வுக்கு ஒரு வேலை இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படிக்கும்போதுதான் சாப்பாடு இறங்காமல் போக வேண்டும்.

எங்கள் தலைமுறை எச்சில் பார்ப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டது. பிறந்தநாள் கேக்கை ஒருவர் கடித்த இடத்தில் இன்னொருவர் கடிக்கிறோம். தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிறோம். ஆனால் சென்னையில் நான் இருக்கும் அடுக்ககத்தில், பாத்திரம் தேய்க்க வரும் பெண்களுக்குப் பல வீடுகளில் தனி டம்ளர் இன்னும் இருக்கிறது. சமையலறை ஜன்னல் ஓரத்திலோ சிங்குக்குக் கீழேயோ கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய எச்சில் தட்டையும் அந்தக் கைகள்தான் கழுவுகின்றன. அவர்கள் தேய்த்த டம்ளரில் நாம் குடிக்கலாம், அதில் அவர்கள் குடிக்கக்கூடாது. இதற்குக் கிருமியிலிருந்து ஒரு காரணமும் சொல்ல முடியாது. கேட்டுப் பார்த்திருக்கிறேன், “சும்மா, ஒரு சுத்தத்துக்குத்தான்” என்பார்கள்.

டம்ளரை விடவும் மோசமானது கழிப்பறை. விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பி மதியம் வரை நாலைந்து வீடுகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு, அவர்களே தேய்த்துக் கழுவும் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி இல்லை. ஆகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மூத்திரக் கடுப்பும் நோய்த்தொற்றும் அவர்களுக்கு அடிக்கடி வருவதில் ஆச்சரியமில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. கார் நிறுத்தும் தளத்தின் மூலையில் அவர்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டைக் கழுவுகிறார்களோ அந்த வீட்டுக் கழிப்பறையிலேயே அவர்கள் போகட்டும், பக்கத்தில் ஒரு சோப்பு இருக்கட்டும் என்றேன். மதினியை நினைத்துத்தான் அதைச் சொன்னேன். வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு தளத்திலும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் தளத்தில் இரண்டு வீடுகள் சம்மதித்திருக்கின்றன.