எழுதிய மாணவனும் எழுதிய கடிதமும்

மைசூரு மானசகங்கோத்ரியில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் ஐவருக்கு மூன்று வாரங்களாக இலத்தீன் பாடங்களை மீள்பார்வை செய்வித்து வருகிறேன். நால்வர் தமிழர், ஒருவர் கன்னடர். வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் எழுதி, 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிய இலக்கணத்தைத் தம் கண்ணாலேயே படித்துவிட வேண்டும் என்பது அவர்களது விருப்பம். அவருடைய செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் 1822-இல் ஆங்கிலத்தில் தந்தார். அன்று தொட்டு இன்றுவரை நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தையே மேற்கோள் காட்டுகிறோம். நம் மொழியைப் பற்றி ஒருவர் சொன்னதை வேறொரு மொழியின் வாயிலாகக் கேட்டு, அதன்மேல் ஆய்வேடு எழுதுகிறோம் என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தல்.

சொற்கள் எளிதில் தங்கிவிட்டன. இஞ்சிக்குச் ‘சிங்கிபெர்’, அரிசிக்கு ‘ஒரீசா’ என்றதும் அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். (அரிசியின் வேர் வழக்கு இன்னும் தீரவில்லை, அதில் இறங்கினால் வகுப்பு முடியாது.) இடறல் பார்ட்டிசிபிளில்தான்.

‘எழுதிய மாணவன்’, ‘எழுதிய கடிதம்’ இரண்டையும் இலத்தீனில் பெயர்க்கச் சொன்னேன். கடிதம் உடனே வந்தது: ‘எபிஸ்துலா ஸ்கிரிப்டா’, அதாவது எழுதப்பட்ட கடிதம். மாணவன் வரவில்லை. இலத்தீனின் இறந்தகாலப் பார்ட்டிசிபிள் செயப்பாட்டுப் பொருளது. ‘பேசிய’ என்பதற்குரிய ‘லொகூத்துஸ்’ போன்ற சில வினைகளே விலக்கு. தமிழ்ப் பெயரெச்சமோ செய்தவனையும் செய்யப்பட்டதையும் ஒரே வடிவால் தழுவிக்கொள்கிறது. கன்னட மாணவர் ‘பரெத ஹுடுக’, ‘பரெத பத்ர’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, “எங்களுக்கும் அப்படியே” என்றார்.

இங்கேதான் ஒரு மாணவி தம் ஆய்வேட்டு இயலையே மாற்ற நேர்ந்தது. கால்டுவெல் முதலானோர் பெயரெச்சத்தை ‘ரிலேட்டிவ் பார்ட்டிசிபிள்’ என்றனர். நாமும் வகுப்பில் அவ்வாறே விளக்குகிறோம். ஆனால் ‘பார்த்திசிபியும்’ என்ற இலத்தீன் சொல்லின் பொருளே பங்கு கொள்வது: பெயரின் இயல்பிலும் வினையின் இயல்பிலும் பங்கு கொள்வதால் அப்பெயர். அது காலம் காட்டும். பால், எண், வேற்றுமையும் ஏற்கும். ‘வந்த’ வேற்றுமை ஏற்குமா? ‘வந்தவனை’, ‘வந்தவனுக்கு’ என வினையாலணையும் பெயரே ஏற்கிறது. ஆகவே அந்தச் சட்டை யாருக்கு அளவெடுத்ததோ அவரை விட்டுவிட்டு, அடுத்திருந்தவருக்கு மாட்டப்பட்டது என்பது என் கருத்து. நம் மரபிலக்கணம் இரண்டையும் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. பெயரெச்சத்தை ‘குறைபட்ட பார்ட்டிசிபிள்’ என்று அம்மாணவி எழுதியிருந்த இயல் இனி வேறு வாதத்தின்மேல் நிற்கவேண்டும். நெறியாளரிடம் சொல்ல அவருக்குத் தயக்கம், நான் வற்புறுத்தினேன்.

இலத்தீனின் தனிநிலை ஐந்தாம் வேற்றுமைத் தொடரை மட்டும் நம்மவர் வியக்கத்தக்க விரைவில் பிடித்துக்கொண்டனர். ‘சோலே ஒரியென்தே’ என்பதற்கு ‘ஞாயிறு எழ’ என்பதே போதும். எழுவாய் வேறுபடும்போது ‘செய’ என்னும் எச்சம் ஆளும் பழக்கம் நமக்கு உண்டு: மழை பெய்யக் குளம் நிறைந்தது. “மழை பெய்து குளம் நிறைந்தது என்றும் சொல்கிறோமே?” என்று ஒருவர் மடக்கினார். நன்னூல் அதற்கும் இடம் தந்திருப்பதைக் காட்டினேன். அன்றைய வகுப்பு அத்துடன் நன்னூல் வகுப்பாகிவிட்டது.

உரோமப் பண்பாட்டுக்கு மூத்த பிளினியின் ஆறாம் நூலைத் தேர்ந்தேன். செங்கடல் வரிக் குத்தகைதாரரான அன்னியுஸ் பிளோகாமுஸ் என்பவரின் ஆள் ஒருவன் காற்றில் சிக்கி இலங்கையை அடைந்த கதை அதில் வருகிறது. ஆறு மாதத்தில் அந்நாட்டு மொழி கற்று அரசனுடன் உரையாடினான். (மாணவர்கள் தங்கள் இரண்டாண்டு இலத்தீனை எண்ணிச் சிரித்தனர்.) அவனிடமிருந்த தெனாரியுஸ் காசுகளில் உருவங்கள் வேறுபட்டும் எடை ஒன்றாகவே இருந்தது கண்டு, அரசன் உரோமரின் நேர்மையை மதித்தானாம். இதே கருநாடகத்தில் சந்திரவள்ளி அகழாய்விலும் உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன என்றபோது, பாடம் தொலைவிலிருந்து அருகே வந்தது.

அந்த ஆளின் பெயரைப் பிளினி தரவில்லை. ‘லிபெர்த்துஸ்’, விடுவிக்கப்பட்ட அடிமை என்பதோடு சரி. இன்னாருடைய விடுவிக்கப்பட்டவன் என்று பழைய உடைமையாளரின் பெயராலேயே அடையாளம். ஆனால் எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாறையொன்றில் அதே பிளோகாமுஸின் அடிமை ஒருவன், கி.பி. 6-இல், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தன் பெயரைப் பொறித்திருக்கிறான்: லீசாஸ். அவன் ஆண்ட வினை எச்சமன்று, தன்மை ஒருமை முற்று: ‘வேனி’, வந்தேன். அதைப் பலகையில் எழுதியபின் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

வரும் ஞாயிறன்று வீரமாமுனிவரின் வினையியலைத் தொடங்குகிறோம். ‘வந்தவன்’ என்பதன் எட்டு வேற்றுமைகளையும் இலத்தீனின் ஆறோடு எதிரெதிரே எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். மைசூருவில் இருக்கும் ஆய்வாளர் எவரும் வந்து அமரலாம். அகராதி ஒன்றே உள்ளது, பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.